'அப்பாகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க டாக்டர்!' - கடைசிக்கால சிகிச்சையில் நோயாளியின் குரல் எங்கே?

டாக்டரின் அறைக்குள் மகன், மகள், மருமகன் என மூன்று பேர். வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா. ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் பேச ஆரம்பிப்பதற்குள் மகன் முந்திக்கொள்கிறார். "சார், எதுவா இருந்தாலும் எங்ககிட்ட சொல்லுங்க. அப்பாகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க. தாங்க மாட்டாரு."

வெளியே வந்ததும், "ஒண்ணுமில்லப்பா, கொஞ்சம் இன்ஃபெக்‌ஷனாம். மருந்து சாப்பிட்டா சரியாயிடும்" என்கிறார்கள். அப்பாவும் தலையாட்டுகிறார். ஃபைல் மகளின் ஹேண்ட்பேக்குக்குள் போய்விடுகிறது.

புற்றுநோய் மருத்துவமனைகளிலும், கிட்னி, இதய வார்டுகளிலும் தினமும் நடக்கும் காட்சி இது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு முறையாவது நடந்திருக்கும். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. எல்லாமே பாசம்தான். ஆனால், அடுத்த சில மாதங்களில் அந்த அப்பாவின் உடம்பில் எந்த ஊசி போட வேண்டும், எந்தக் குழாய் நுழைய வேண்டும், அவர் எந்த ஊரில், எந்தக் கட்டிலில் கண் மூட வேண்டும் என்பதையெல்லாம் அவரைத் தவிர மற்ற எல்லோரும் சேர்ந்து முடிவு செய்வார்கள்.

இந்த வாரம் இதைப் பற்றித்தான் பேசப்போகிறோம். கொஞ்சம் கனமான விஷயம். ஆனால், எந்தக் குடும்பமும் தப்பிக்க முடியாத விஷயம்.

ஏன் மறைக்கிறோம்?

உண்மையைச் சொன்னால் நம்பிக்கை போய்விடும், மனசு உடைந்து சீக்கிரமே இறந்துவிடுவார் என்ற பயம்தான் முதல் காரணம். இரண்டாவது, அதை எப்படிச் சொல்வது என்று யாருக்குமே தெரியாதது. மூன்றாவது காரணத்தை நாம் ஒப்புக்கொள்வதில்லை. அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லும் தைரியம் நமக்கு இல்லை.

ஆனால், பெரும்பாலான நோயாளிகளுக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. கீமோ வார்டில் பக்கத்து பெட்காரர் சொல்லிவிடுவார். இல்லையென்றால், மருந்துச் சீட்டில் இருக்கும் பெயரைப் பேரன் மொபைலில் தேடிப் பார்த்துவிடுவான். அதுவும் இல்லையென்றால், ஊரிலிருந்து திடீரெனச் சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போவதே சொல்லிவிடும்.

தெரிந்த பிறகு அவரும் நடிக்க ஆரம்பிக்கிறார். பிள்ளைகள் வருத்தப்படக் கூடாதே என்று தனக்குத் தெரியாததுபோல் இருக்கிறார். பிள்ளைகள் அவருக்காக நடிக்கிறார்கள். ஒரே வீட்டுக்குள் எல்லோரும் தனித்தனியாக அழுகிறார்கள்.

இதில் பறிபோவது நேரம். பத்திரம் எங்கே இருக்கிறது, யாருக்கு எவ்வளவு கடன் பாக்கி, பேச்சு நின்றுபோன தம்பியை ஒரு முறை வரச் சொல்லலாமா, குலதெய்வம் கோயிலுக்குக் கடைசியாகப் போய்வரலாமா... இவையெல்லாம் உடம்பில் தெம்பு இருக்கும்போதே செய்ய வேண்டியவை. 'சரியாகிடும்' என்று சொல்லிச் சொல்லி அந்த நாள்களைக் கடத்திவிடுகிறோம்.

சட்டம் யாரைக் கேட்கச் சொல்கிறது?

'குடும்பத்தில் கையெழுத்து வாங்கிவிட்டோம், போதாதா?' என்று கேட்கலாம். போதாது. சுயநினைவோடு, யோசித்து முடிவெடுக்கும் நிலையில் இருக்கும் வயதுவந்த நோயாளியின் சம்மதத்தை அவரிடம்தான் வாங்க வேண்டும்.

2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த ஒரு பெண்ணுக்கு, வெளியே இருந்த அவர் அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை அகற்றிவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத நிலையில், மயக்கம் தெளியும்வரை காத்திருந்து அந்தப் பெண்ணிடமே கேட்டிருக்க வேண்டும், அம்மாவின் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். சம்மதம் என்றால் வெறும் கையெழுத்து கிடையாது. என்ன சிகிச்சை, என்ன பலன், என்ன ஆபத்து, வேறு வழி இருக்கிறதா, சிகிச்சையே எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் நோயாளிக்குப் புரியும்படி சொன்ன பிறகு கிடைப்பதுதான் சம்மதம்.

மருத்துவர்களுக்கான 2002-ம் ஆண்டு நடத்தை விதிகளும், நோயின் தீவிரத்தை மிகைப்படுத்தியும் சொல்லக் கூடாது, குறைத்தும் சொல்லக் கூடாது என்கின்றன.

ஒரு விஷயம் முக்கியம். தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமைதானே தவிர, கட்டாயம் இல்லை. 'எனக்கு எதுவும் சொல்ல வேண்டாம், என் பெரிய பையன்கிட்ட பேசிக்கோங்க' என்று அவரே சொன்னால் அதுவும் அவர் எடுத்த முடிவுதான். கேட்காமலேயே, 'அவருக்குத் தெரிய வேண்டாம்' என்று நாம் முடிவெடுப்பது வேறு.

என்னென்ன முடிவுகள் வரும்?

'எல்லாம் செய்யுங்க டாக்டர்' என்று சொல்லிவிடுகிறோம். அந்த 'எல்லாம்' என்ன என்று பலருக்குத் தெரியாது. சிலவற்றை மட்டும் பார்க்கலாம்.

*வென்டிலேட்டர்:* வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்தி, மெஷின் மூலம் சுவாசம் கொடுப்பது. நிமோனியா, விபத்து, ஆபரேஷன் போன்ற மீளக்கூடிய நிலைகளில் இது உயிர் காக்கும் வரம். குழாய் இருக்கும்வரை நோயாளியால் பேச முடியாது. பல நேரம் மயக்க மருந்து தேவைப்படும். குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்கக் கைகளைக் கட்டிவைப்பதும் உண்டு. நோய் முற்றிய கடைசிக் கட்டத்தில், மெஷினால் நோயைக் குணப்படுத்த முடியாது.

*சிபிஆர்:* இதயம் நின்றவுடன் நெஞ்சை வேகமாக, ஆழமாக அழுத்துவது. திடீர் மாரடைப்பில் விழுந்தவருக்கு இதை எல்லோருமே கற்றுக்கொண்டு செய்ய வேண்டும். ஆனால், உடம்பின் பல உறுப்புகளும் செயலிழந்து வரும் முதியவருக்குச் செய்யும்போது விலா எலும்புகள் உடையலாம். மீண்டும் துடிக்கவைத்தாலும் பழைய நிலை திரும்பும் வாய்ப்பு மிகக் குறைவு. இப்படிப்பட்ட சூழலில் சிபிஆர் வேண்டாம் என்று முன்கூட்டியே பேசி முடிவெடுப்பது பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020-ல் வழிகாட்டுதல்களையே வெளியிட்டிருக்கிறது.

*டயாலிசிஸ், மூக்கு வழி உணவுக்குழாய், இன்னொரு ரவுண்டு கீமோ:* இவற்றிலும் ஒவ்வொன்றுக்கும் பலன் உண்டு, விலையும் உண்டு. விலை என்றால் பணம் மட்டும் கிடையாது. வாந்தி, சோர்வு, மருத்துவமனைக்கு அலையும் நாள்கள் எல்லாமே கணக்கில் வரும்.

*எங்கே இருப்பது:* ஐசியு-வில் குடும்பத்தினர் பார்க்க அனுமதி ஒரு நாளைக்குச் சில நிமிடங்கள்தான். வீட்டில் என்றால் சுற்றிலும் மனிதர்கள் இருப்பார்கள், ஆனால், ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு வாங்கினால் என்ன செய்வது என்ற பயம் இருக்கும். இரண்டில் எது என்று படுத்திருப்பவர் சொல்லலாம்.

இவற்றில் 'சரியான விடை' என்று ஒன்று இல்லை. 80 வயதிலும் 'எல்லாத்தையும் முயற்சி பண்ணுங்க, நான் போராடுறேன்' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதையும் அப்படியே மதிக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்ல வைப்பதற்காக இந்தப் பேச்சு கிடையாது.

'இனி ஒண்ணும் செய்ய முடியாது' என்பது உண்மையா?

'வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க' என்று டாக்டர் சொன்னால், கைவிட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறோம். நோயைக் குணப்படுத்த முடியாதபோதும் வலி, மூச்சுத்திணறல், வாந்தி, மலச்சிக்கல், படுக்கைப்புண், தூக்கமின்மை, பயம் என ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை இருக்கிறது. இதைத்தான் பாலியேட்டிவ் கேர், நோய் ஆதரவு சிகிச்சை என்கிறோம்.

இது சாகப்போகிறவர்களுக்கானது மட்டுமே என்பது தவறான எண்ணம். 2010-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நுரையீரல் புற்றுநோய் முற்றிய நிலையில் இருந்த 151 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான புற்றுநோய் சிகிச்சை. இன்னொரு பிரிவுக்கு அதோடு சேர்த்து ஆரம்பத்திலிருந்தே நோய் ஆதரவு சிகிச்சை. இரண்டாவது பிரிவினரின் மனச்சோர்வு குறைந்தது, வாழ்க்கைத் தரம் கூடியது, கடைசிக்காலத்தில் தீவிர சிகிச்சைகள் எடுத்துக்கொண்டதும் குறைவு. அப்படி இருந்தும் அவர்களின் சராசரி வாழ்நாள் சுமார் 11.6 மாதங்கள். முதல் பிரிவினருக்கு 8.9 மாதங்கள். ஒரே ஓர் ஆய்வை வைத்து எல்லா நோய்க்கும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது. ஆனால், 'உண்மையைப் பேசினால் சீக்கிரம் போய்விடுவார்' என்ற நம் பயத்தை இது கொஞ்சம் யோசிக்க வைக்கிறது.

கேரளா இதில் நமக்கு முன்னோடி. 2008-லேயே நோய் ஆதரவு சிகிச்சைக்கென அரசுக் கொள்கை கொண்டுவந்த மாநிலம் அது. அங்கே உள்ளாட்சி அமைப்புகளும் தன்னார்வலர்களும் சேர்ந்து வீடு தேடிப் போய்ப் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரையோடு நோய் ஆதரவு சிகிச்சையும் வீட்டுக்கே வந்து கொடுப்பது சேர்க்கப்பட்டிருக்கிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

மார்பின் மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'அதைக் கொடுத்தால் அடிமையாகிவிடுவார்', 'அது கடைசி மருந்து' என்று பலர் பயப்படுகிறார்கள். பயிற்சி பெற்ற மருத்துவர் அளவு பார்த்துக் கொடுக்கும்போது, கடும் வலிக்கு அது பாதுகாப்பான மருந்து. நோயாளிகளுக்கு இது எளிதாகக் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே 2014-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தார்கள்.

ஆச்சி எடுத்த முடிவு

என் ஆச்சிக்கு இரண்டு கிட்னியும் செயலிழந்து, இதயமும் பலவீனமாகிவிட்டிருந்தது. கோவில்பட்டிப் பக்கத்து கிராமத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸுக்குத் திருநெல்வேலி போய்வர வேண்டும். போய்வந்த நாள் முழுக்கப் படுத்தே இருப்பார். பெரியப்பா, அப்பா, அத்தை என எல்லோரும் முறைவைத்து அலைந்தார்கள். ஆச்சியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்கலாம் என்றே யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு நாள் அங்கிருந்த இளம் டாக்டர், ஸ்டூலை இழுத்துப் போட்டு ஆச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். "ஆச்சி, உங்களுக்கு எதை நெனச்சா ரொம்ப பயமா இருக்கு?"

"சாவ நெனச்சு பயமில்லம்மா. வாயில கொழாய போட்டு, பேச முடியாம கெடக்கக் கூடாது. அதான்."

"சரி, உங்களுக்கு என்ன வேணும்?"

"எம் பேத்திக்கு அடுத்த மாசம் வளைகாப்பு. அதுவரைக்கும் இந்த மெஷின் வேணும். அதுக்குப் பொறவு வேண்டாம்."

பெரியப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. "எம்மா, என்ன பேசுத? எவ்வளவு செலவானாலும் நான் பாத்துக்கிடுதேன்" என்றார். "ஒன் துட்டுக்காகச் சொல்லலய்யா. எனக்கு ஆயாசமா இருக்கு" என்றார் ஆச்சி.

அதற்குப் பிறகும் வீட்டில் இரண்டு வாரம் சண்டை நடந்தது. டாக்டர் மூன்று முறை எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார். நிறுத்தினால் என்ன ஆகும், எத்தனை நாள் ஆகலாம், மூச்சு வாங்கினால் என்ன மருந்து எனச் சொன்னார். ஆச்சியிடமும் ஒவ்வொரு முறையும் திரும்பக் கேட்டார். பதில் மாறவில்லை.

வளைகாப்பில் முதல் வளையலை ஆச்சிதான் போட்டார். அதற்கு அடுத்த வாரம் டயாலிசிஸ் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு 11 நாள்கள் வீட்டில் இருந்தார். மூச்சுத்திணறலுக்கும் அரிப்புக்கும் மருந்து இருந்தது. பட்டாசலில் கட்டிலைப் போட்டு, வருவோர் போவோரிடமெல்லாம் பேசிக்கொண்டிருந்தார். கடைசி இரண்டு நாள் தூக்கத்திலேயே கழிந்தது.

இன்றைக்கும் பெரியப்பா சில நேரம் கேட்பார். "தொடர்ந்து போயிருந்தா இன்னும் ஒரு ரெண்டு மாசம் இருந்திருப்பாங்களோ?" இருந்திருக்கலாம். அதற்கு யாரிடமும் பதில் இல்லை. ஆனால், 'நாமதான் கொன்னுட்டோமோ' என்று அவர் ஒருபோதும் கேட்டதில்லை. முடிவு ஆச்சியுடையது என்பது அவருக்குத் தெரியும்.

ஆச்சியால் பேச முடியாமல் போயிருந்தால்?

தெளிவாகப் பேசும் நிலையில் உள்ளவர் ஒரு சிகிச்சையை வேண்டாம் என்று மறுக்கலாம். நினைவு தப்பிய பிறகு என்ன செய்வது? இந்தக் கேள்விதான் நம் நாட்டில் பல வருடங்கள் நீதிமன்றங்களில் நடந்தது.

மும்பை கே.இ.எம் மருத்துவமனை நர்ஸ் அருணா ஷான்பாக், 1973-ல் அங்கேயே பணிபுரிந்த ஒருவரால் கொடூரமாகத் தாக்கப்பட்டார். மூளை பாதிக்கப்பட்டு, அதே மருத்துவமனையில் 42 வருடங்கள் படுக்கையில் கிடந்தார். அவருக்கு உணவு கொடுப்பதை நிறுத்த அனுமதிக்க வேண்டும் என்று பத்திரிகையாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றம் போனார். அவரைக் குழந்தைபோல் பார்த்துக்கொண்ட கே.இ.எம் செவிலியர்கள் அதை எதிர்த்தார்கள். 2011-ல் நீதிமன்றம் விரானியின் கோரிக்கையை ஏற்கவில்லை. ஆனால், சில சூழல்களில், உயர் நீதிமன்ற அனுமதியோடு உயிர் காக்கும் சிகிச்சையை விலக்கிக்கொள்ளலாம் என்று வழிகாட்டியது. 2015-ல் நிமோனியா பாதித்து அருணா இறந்தார். அந்த 42 வருடங்களில் அவருக்காகப் பலர் பேசினார்கள். அவர் விருப்பம் என்ன என்பது மட்டும் கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

'காமன் காஸ்' என்ற அமைப்பு தொடுத்த வழக்கில், 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு முக்கியமான தீர்ப்பைக் கொடுத்தது. கண்ணியத்தோடு இறப்பதும் அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்றது. 'லிவிங் வில்' எனப்படும் முன்கூட்டிய மருத்துவ உயிலையும் அங்கீகரித்தது. ஆனால், மாஜிஸ்திரேட் கையெழுத்து வரை கேட்ட அந்த நடைமுறை மிகவும் சிக்கலாக இருந்ததால், 2023 ஜனவரியில் நீதிமன்றமே அதை எளிமையாக்கியது.

லிவிங் வில் - என்ன செய்ய வேண்டும்?

* 18 வயது நிறைந்த, தெளிவான மனநிலையில் உள்ள யாரும் எழுதலாம். யாருடைய வற்புறுத்தலும் இருக்கக் கூடாது.

* குணமாகும் வாய்ப்பே இல்லாத நோயில், முடிவெடுக்கும் திறனை இழந்த நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம், எதை நிறுத்தலாம் என்று தெளிவாக எழுத வேண்டும்.

* உங்கள் சார்பில் முடிவெடுக்க வேண்டிய உறவினர்கள் அல்லது காப்பாளர்களின் பெயரைக் குறிப்பிட வேண்டும். ஒருவருக்கு மேலும் குறிப்பிடலாம்.

* இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியிடம் சான்றொப்பம் பெற வேண்டும். மாஜிஸ்திரேட்டிடம் போகத் தேவையில்லை.

* பெயர் குறிப்பிட்டவர்களிடமும், குடும்ப டாக்டர் இருந்தால் அவரிடமும் நகல் கொடுங்கள். மாநகராட்சி, நகராட்சி, பஞ்சாயத்து போன்ற உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு அதிகாரியிடமும் ஒரு நகல் கொடுக்க வேண்டும்.

* மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் ரத்து செய்யலாம், மாற்றலாம்.

இதை எழுதிவைத்தால் உடனே மெஷினை நிறுத்திவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். சிகிச்சை அளிக்கும் மருத்துவரும் குறைந்தது இரண்டு நிபுணர்களும் கொண்ட முதல் குழு பரிசீலிக்கும். பிறகு, மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் மருத்துவரோடு, வேறு இரண்டு நிபுணர்கள் கொண்ட இரண்டாவது குழு பார்க்கும். ஒவ்வொரு குழுவும் கூடியவரை 48 மணி நேரத்துக்குள் கருத்து சொல்ல வேண்டும். உயிலில் பெயர் உள்ளவர்களின் சம்மதமும் தேவை. செயல்படுத்தும் முன் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். கருத்து வேறுபாடு வந்தால் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். உயில் எழுதாதவர்களுக்கும் குடும்பத்தின் சம்மதத்தோடு இதேபோன்ற இரண்டு குழு நடைமுறை உண்டு.

ஊசி போட்டு உயிரைப் போக்கும் கருணைக்கொலை வேறு. அது இந்தியாவில் குற்றம். பலன் தராத சிகிச்சையை விலக்கிக்கொண்டு, நோய் அதன் போக்கில் போக விடுவதையும், வலியில்லாமல் பார்த்துக்கொள்வதையும் பற்றித்தான் இந்தத் தீர்ப்புகள் பேசுகின்றன.

நடைமுறையில் பல இடங்களில் இது இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. கோவாவில் 2024-ல் உயர் நீதிமன்ற நீதிபதி எம்.எஸ்.சோனக் தன் லிவிங் வில்லைப் பதிவுசெய்து தொடங்கிவைத்தார். கர்நாடக அரசு 2025 ஜனவரியில் இதைச் செயல்படுத்த உத்தரவிட்டது. உங்கள் ஊர் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டால், 'அப்படின்னா என்ன?' என்று கேட்கவும் வாய்ப்பிருக்கிறது. அதற்காக எழுதாமல் இருக்க வேண்டாம். சட்ட நடைமுறை முடியாவிட்டாலும், உங்கள் விருப்பம் என்ன என்பது குடும்பத்துக்கு எழுத்தில் தெரிந்திருக்கும்.

எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது?

'நீங்க செத்துட்டா என்ன பண்றது?' என்று யாரும் ஆரம்பிக்க முடியாது. துக்க வீட்டுக்குப் போய்வந்த நாள் பேச்சுக்கு வசதியானது. "பாவம்ப்பா, அவரை ஒரு மாசம் ஐசியுல வெச்சிருந்தாங்களாம். உங்களுக்கு அப்படின்னா என்ன சொல்வீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பல பெரியவர்கள் இதற்காகவே காத்திருந்ததுபோல் பேசுவார்கள்.

நோய் வந்துவிட்ட பிறகு என்றால், சொல்வதற்கு முன் கேளுங்கள். "டாக்டர் என்ன சொன்னாருன்னு உங்களுக்குத் தெரியணுமா?", "உங்க உடம்பைப் பத்தி நீங்க என்ன நெனைக்கிறீங்க?" அவர் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. மறதி நோய் ஆரம்ப நிலையில் இருப்பவர்களிடம் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அவர்களால் தெளிவாகச் சொல்ல முடியும் காலம் குறைவு.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை நான்கு. இந்தச் சிகிச்சை நோயைக் குணப்படுத்துமா, நாள்களை நீட்டிக்குமா, கஷ்டத்தைக் குறைக்குமா? இதை எடுத்துக்கொண்டால் அவருடைய தினசரி வாழ்க்கை எப்படி இருக்கும்? எடுக்காவிட்டால் என்ன ஆகும்? பலன் இல்லையென்றால் எப்போது, எப்படி நிறுத்துவோம்? கூடுமானால் நோயாளியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

அண்ணன், தம்பிகளுக்குள் கருத்து வேறுபாடு வருவது சகஜம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை வீடியோ காலில் வந்து, 'எவ்வளவு செலவானாலும் எல்லாத்தையும் பண்ணுங்க' என்பார். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளும் பிள்ளை களைத்துப் போயிருப்பார். 'நீ என்ன சொல்றே, நான் என்ன சொல்றேன்' என்பதை விட்டுவிட்டு, 'அம்மா என்ன சொன்னாங்க?' என்று கேட்டால் பாதி சண்டை குறையும். அம்மா சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசுங்கள். நிலத்தை விற்று, நகையை வைத்து ஐசியு பில் கட்டிவிட்டு, முடியாத கட்டத்தில் 'எங்கள் சொந்த விருப்பத்தில் அழைத்துச் செல்கிறோம்' என்று எழுதிக் கொடுத்துக் கூட்டிவரும் குடும்பங்கள் ஏராளம். அப்படி வரும் நோயாளிக்கு, வீட்டில் வலிக்குக்கூட மருந்து இருப்பதில்லை. பேசி, திட்டமிட்டு, மருந்தோடு வீடு திரும்பினால் அவருக்கு அந்த வேதனையாவது மிஞ்சாது.

கடைசியாக, இளைஞர்களுக்கு. இது தாத்தா, பாட்டிக்கான கட்டுரை என்று ஸ்க்ரோல் செய்யாதீர்கள். விபத்துக்கு வயது தெரியாது. அருணா தாக்கப்பட்டபோது அவர் இருபதுகளில் இருந்தார். இந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட பிறகு வீட்டில் எல்லோருமாக உட்காரும்போது, உங்களுக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்பதை முதலில் நீங்கள் சொல்லுங்கள். அப்பாவும் அம்மாவும் 'வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரு' என்று திட்டுவார்கள். அடுத்த வாரம் அவர்களே பேச்சை எடுக்கலாம்.